காய்ச்சலும் கண்ணொளியும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கண்ணுக்கு வரும் கேடு என்றவுடன் தூசி, தீப்பொறி, அடிபடுதல் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. வெளியிலிருந்து எதுவும் படாமலேயே, வலியோ சிவப்போ இன்றி, ஒரு கண்ணின் பார்வை மங்குவதும் உண்டு. விழித்திரையின் குருதிக்குழாய் அடைபடுவது அதற்கு ஒரு காரணம். காய்ச்சலை உண்டாக்கும் தீநுண்மிகளால் இவ்வடைப்பு ஏற்படக்கூடுமா? இவ்வினாவுக்கு மருத்துவ அறிவியல் எவ்வாறு விடை தேடியது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஓசையின்றி வரும் இருள்

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தில், கரிசல் நிலப்பரப்பில் அமைந்துள்ள ஊர் ஏழாயிரம்பண்ணை. பட்டாசுத் தொழிலும் தீப்பெட்டித் தொழிலும் அப்பகுதி மக்களின் வாழ்வாதாரங்கள். சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் ‘மருந்து’ என்றாலே வெடிமருந்து என்று பொருள்கொள்ளும் வழக்கு உண்டு. அம்மருந்தோடு பழகும் தொழிலாளர், கண்ணில் தீப்பொறி பட்டால் என்ன நேரும் என்பதை நன்கறிவர். வெடி விபத்தில் கண்ணுக்கு நேரும் காயம் எல்லாருக்கும் தெரியும்படி நேர்வது. உடனே மருத்துவமனைக்கு ஓடச் செய்வது.

விழித்திரையின் குருதிக்குழாய் அடைபடுவதோ ஓசையின்றி நிகழ்வது. காலையில் எழும்போது ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல் தோன்றும். அல்லது பார்வையின் நடுவில் ஒரு கருநிழல் நிற்கும். மற்றொரு கண் நலமாக இருப்பதால், அவர் வழக்கம்போல் நடமாடுவார். ‘உடற்சூடு’ என்று கருதி விளக்கெண்ணெய் இட்டுக்கொள்வோரும், கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொள்வோரும் உளர். நாள்கள் கடந்தபின் மருத்துவரிடம் செல்லும்போது, இழந்த பார்வையை மீட்பது அரிதாகிவிடுகிறது. இரு கண்களும் சேர்ந்து பார்க்கும்போதே பொருள்களின் தொலைவைத் துல்லியமாக மதிப்பிட முடியும். திரி வைப்பதும் மருந்து அடைப்பதுமாகிய நுண்ணிய வேலைகளைச் செய்வோர்க்கு ஒரு கண்ணின் இழப்பு, பார்வையோடு பாதுகாப்பையும் பறித்துவிடும்.

விழித்திரையின் நீர்ப்பாசனம்

விழியின் உட்புறச் சுவரில் மெல்லிய தாள்போல் படர்ந்திருப்பது விழித்திரை. அதன் தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். ஒளியை உணர்ந்து மின்குறிப்புகளாக மாற்றி, பார்வை நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புவது அதன் பணி. உடலில் மிகுதியான உயிர்வளியைச் செலவிடும் திசுக்களுள் விழித்திரையும் ஒன்று. எனவே, குருதியோட்டம் சிறிது தடைப்பட்டாலும் அது தாங்காது.

விழித்திரையின் உட்பகுதிக்குக் குருதியைக் கொண்டுசேர்ப்பது மையத் தமனி. அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மட்டுமே. அது பார்வை நரம்பின் நடுவே நுழைந்து, விழியினுள் நான்கு முதன்மைக் கிளைகளாகப் பிரிகிறது. பயன்படுத்தப்பட்ட குருதியைத் திரட்டி வெளியே கொண்டுசெல்வது மையச் சிரை. தமனியின் ஒவ்வொரு கிளையும் தனக்குரிய பகுதிக்கு மட்டுமே குருதி வழங்கும். ஒரு கிளை அடைபட்டால் அப்பகுதியைக் காக்க மாற்று வழி பெரும்பாலும் இல்லை.

இதனைக் கண்மாய்ப் பாசனத்தோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். மடை அடைபட்டால் வயலுக்கு நீர் வாராது, பயிர் காயும். வடிகால் அடைபட்டால் வயலில் நீர் தேங்கும், பயிர் அழுகும். தமனி அடைபடுதல் முதல்வகை. அப்போது குருதி கிடைக்காத விழித்திரைப் பகுதி வெளிறிப்போகும். சிரை அடைபடுதல் இரண்டாம்வகை. அப்போது குருதி தேங்கி, நுண்குழாய்களிலிருந்து கசிந்து, தீப்பிழம்பு வடிவத்தில் விழித்திரையெங்கும் பரவும். பார்வையின் கூர்மைக்குரிய மஞ்சள் புள்ளியில் நீர் கோத்து வீக்கம் உண்டாகும்.

பஞ்சாபில் பிறந்து, அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கண் மருத்துவ அறிஞர் சோகன் சிங் ஹேரே, முதிய குரங்குகளின் விழித்திரைத் தமனியைத் தற்காலிகமாக அடைத்து ஆராய்ந்தார். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வரை விழித்திரை தாங்கியது. நான்கு மணி நேரம் கடந்தபோது பெருஞ்சேதம் மீளாததாகிவிட்டது. கண்ணைக் காக்கக் கிடைக்கும் காலம் எவ்வளவு குறுகியது என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது. சிரை அடைப்பில் சேதம் இதைவிட மெதுவாக நிகழ்கிறது. மருத்துவத்தால் பயன்பெறும் வாய்ப்பும் கூடுதலாக உள்ளது.

அடைப்புக்கு அடிப்படை மூன்று

குருதி ஏன் குழாயினுள்ளேயே உறைகிறது? செருமானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் குருதியுறைவு குறித்து விரிவாக ஆராய்ந்தார். குழாயின் உட்சுவர் பழுதுபடுதல், குருதியோட்டம் மெதுவாகுதல், குருதியின் உறையும் தன்மை மிகுதல் ஆகிய மூன்று அடிப்படைகளும் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றன. இவற்றுள் ஒன்றோ பலவோ கூடும்போது உறைகட்டி தோன்றுகிறது.

விழித்திரைச் சிரை அடைப்பு உலகில் அரிய நோயன்று. 2015 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் பேர் இதனால் பாதிக்கப்பட்டிருந்தனர் என ஒரு மதிப்பீடு கூறுகிறது. இவர்களுள் பெரும்பாலோர் நடுத்தர வயதைக் கடந்தவர்கள். உயர் குருதியழுத்தம், நீரிழிவு, குருதியில் மிகுந்த கொழுப்பு, கண்ணீர் அழுத்த நோய், புகைபிடித்தல் ஆகியவை இதற்குத் துணைசெய்பவை. விழித்திரையில் தமனியும் சிரையும் ஒன்றையொன்று கடக்குமிடத்தில் இரண்டையும் ஒரே உறை சூழ்ந்திருக்கும். குருதியழுத்தத்தால் தடித்த தமனி, மெல்லிய சிரையை அழுத்தும்போது அங்கே அடைப்பு ஏற்படுகிறது.

ஆகவே, அடைப்புகளுள் பெரும்பான்மைக்குத் தீநுண்மி காரணமன்று. ஆயினும் மேற்கூறிய நோய்கள் எவையும் இல்லாத இளையோர் ஒருவருக்கு இவ்வடைப்பு நேர்ந்தால், மருத்துவர் வேறு காரணங்களைத் தேடுகிறார். அண்மையில் காய்ச்சல் வந்ததா என்னும் வினா அத்தேடலில் முக்கிய இடம் பெறுகிறது.

தீநுண்மி செல்லும் மூன்று வழிகள்

வைரஸ் என்னும் நுண்பொருளை நச்சுயிரி, தீநுண்மி என்னும் சொற்களால் குறிக்கிறோம். அது தானாகப் பெருக இயலாதது. பிற உயிரிகளின் செல்லுக்குள் புகுந்தே பெருகும். அது கண்ணின் குருதிக்குழாயைப் பாதிக்கும் வழிகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, நேரடித் தாக்குதல். சின்னம்மையையும் அக்கியையும் உண்டாக்குவது ஒரே தீநுண்மி. சின்னம்மை குணமான பின்னும் அது நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும். உடலின் எதிர்ப்பாற்றல் குறையும்போது அக்கியாக வெளிப்படும். இத்தீநுண்மியோ, வாயோரப் புண்ணை உண்டாக்கும் ஹெர்பஸ் தீநுண்மியோ விழித்திரைக்குள் புகுந்தால், அங்குள்ள தமனிகள் அழற்சியுற்று அடைபடும். விழித்திரை விரைந்து சிதையும். 1971 ஆம் ஆண்டு ஜப்பானில் அகிரா உராயாமா முதலிய மருத்துவர்கள் இந்நோயை முதன்முதலில் விவரித்தனர். அதற்குக் காரணம் ஹெர்பஸ் குடும்பத் தீநுண்மிகளே என்பது 1980 களில் உறுதிப்பட்டது.

இரண்டாவது, உடலின் எதிர்ப்பாற்றலால் விளையும் சேதம். தீநுண்மியை அழிக்க உடல் அனுப்பும் வெள்ளணுக்களும் எதிர்ப்பொருள்களும் சில வேளைகளில் குழாயின் சுவரையே தாக்கிவிடுகின்றன. சுவர் வீங்கி, உள்வழி குறுகுகிறது. காய்ச்சல் தணிந்து, உடல் தேறிய பிறகு பார்வை மங்குவதற்கு இதுவே காரணமாகக் கருதப்படுகிறது.

மூன்றாவது, குருதியின் தன்மை மாறுதல். கடுமையான தொற்றின்போது குழாயின் உட்படலச் செல்கள் சேதமடைகின்றன. குருதியை உறையச் செய்யும் புரதங்கள் மிகுகின்றன. நீரிழப்பால் குருதியும் தடிக்கிறது. அப்போது உடலின் எந்தச் சிறுகுழாயிலும் உறைகட்டி தோன்றக்கூடும். கண்ணின் குழாய்களும் அதற்கு விலக்கல்ல.

இம்மூன்று வழிகளும் முன்னர்க் கண்ட மூன்று அடிப்படைகளோடு பொருந்திவருவதைக் காணலாம். எனவே, ‘தீநுண்மியால் அடைப்பு ஏற்படக்கூடுமா?’ என்னும் வினாவுக்கு, ‘ஏற்படக்கூடும்’ என்பதே விடை. எத்தகைய தொற்றில், எவ்வளவு அடிக்கடி, யாருக்கு என்பவையே அடுத்து எழும் வினாக்கள்.

தென்னாட்டுக் காய்ச்சல்கள் தந்த சான்று

சிக்குன்குனியா என்னும் பெயர், ஆப்பிரிக்காவின் மகோண்டே மொழியிலிருந்து வந்தது. மூட்டுவலியால் உடல் வளைந்துபோவதை அது குறிக்கிறது. இந்நோய் 1964 ஆம் ஆண்டில் சென்னை, வேலூர் பகுதிகளில் பரவியது. 1973 ஆம் ஆண்டுக்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தியாவில் பெரிதாகத் தலைகாட்டாதிருந்து, 2005 ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் தோன்றியது. 2006 ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் 13 இலட்சத்திற்கும் மேற்பட்டோர்க்கு இந்நோய் இருக்கக்கூடும் எனப் பதிவாயிற்று. தமிழகமும் பெரிதும் பாதிக்கப்பட்டது.

காய்ச்சலும் மூட்டுவலியும் மட்டுமே இந்நோயின் அடையாளங்கள் எனக் கருதப்பட்ட காலம் அது. காய்ச்சல் கண்டவர்களுள் சிலர் பார்வை மங்குவதாகக் கூறிக் கண் மருத்துவமனைகளை நாடினர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த லலிதா, ரத்தினம் முதலிய மருத்துவர்கள், இத்தகைய நோயாளரை முறையாக ஆராய்ந்து 2007 ஆம் ஆண்டில் ஆய்வுரை வெளியிட்டனர். கண்ணின் உட்பகுதியில் அழற்சி, பார்வை நரம்பில் அழற்சி முதலியன அதில் விவரிக்கப்பட்டன. பெங்களூரு மருத்துவர்களும் அடுத்தடுத்து இத்தகைய ஆய்வுரைகளை வெளியிட்டனர். விழித்திரை அழற்சியோடு குருதிக்குழாய்கள் அடைபட்டிருந்த நிகழ்வுகளும் பதிவாயின. பாதிப்பு பெரும்பாலும் காய்ச்சல் தணிந்து சில வாரங்களுக்குப் பின்னரே தோன்றியது. நம் மண்ணில் பரவிய ஒரு காய்ச்சல் கண்ணையும் தாக்கும் என்பதை நம் மருத்துவர்களே உலகுக்கு எடுத்துரைத்த நிகழ்வு இது.

டெங்குக் காய்ச்சல் மற்றொரு சான்று. சிங்கப்பூர் மருத்துவர்கள் இரண்டாயிரத்தின் முதற்பத்தாண்டில் டெங்கு நோயாளரின் கண்களை ஆராய்ந்தபோது, மஞ்சள் புள்ளியைச் சுற்றிக் குருதிக்கசிவும் குழாய் அழற்சியும் இருப்பதைக் கண்டனர். காய்ச்சல் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில், குருதித் தட்டுகள் மிகவும் குறைந்திருக்கும் நாள்களை ஒட்டி இப்பாதிப்பு தோன்றியது. குருதித் தட்டுகள் குறைந்தால் குருதி எளிதில் உறையாதே, பின் அடைப்பு எவ்வாறு ஏற்படும் என்று கேட்கத் தோன்றும். டெங்குவில் பழுதுபடுவது குழாயின் உட்சுவர். பழுதுபட்ட சுவர் ஓரிடத்தில் கசியும். வேறோரிடத்தில் வீங்கி வழியை அடைக்கும். ஒரே கண்ணில் கசிவும் அடைப்பும் சேர்ந்து காணப்படுவதன் காரணம் இதுவே.

டெங்கு, சிக்குன்குனியா ஆகிய இரண்டையும் பரப்புவது ஏடிஸ் கொசு. அது தேங்கிய நன்னீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். மழை குறைந்த கரிசல் ஊர்களில், குழாய்நீர் வரும் நாளில் குடம், தொட்டி, பிளாஸ்டிக் உருளை ஆகியவற்றில் நீரைச் சேமித்து வைப்பது தவிர்க்க இயலாதது. சேமித்த நீரை மூடி வைக்காவிட்டால் அதுவே கொசுவின் பிறப்பிடமாகிறது. எனவே, நீர்த்தொட்டியின் மூடிக்கும் விழித்திரையின் நலத்திற்கும் தொடர்பு உண்டு என்பது மிகையன்று.

தெரிந்து தெளிவோம்

எட்டயபுரத்திற்கு அருகிலுள்ள வடமலாபுரத்தில் 1918 ஆம் ஆண்டு பிறந்தவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி. கடுமையான முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் வளைந்துபோயின. அதனால் மகப்பேறு மருத்துவத்தைத் தொடர இயலாமல் கண் மருத்துவம் பயின்றார். அவ்விரல்களாலேயே அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகி, பல்லாயிரக்கணக்கான கண்புரை அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், 1976 ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளுடன் அவர் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை.

பெருந்தொற்றுக் காலத்துப் பாடம்

2020 ஆம் ஆண்டில் கொரோனா பெருந்தொற்று பரவியபோது, இவ்வினா உலக அளவில் மீண்டும் எழுந்தது. கொரோனா தீநுண்மி குழாயின் உட்படலத்தைப் பாதிப்பதும், குருதியின் உறைதன்மையை மிகுவிப்பதும் விரைவிலேயே தெரியவந்தன. நுரையீரல், மூளை, கால் ஆகியவற்றின் குழாய்களில் உறைகட்டிகள் காணப்பட்டன. தொற்றிலிருந்து மீண்ட சிலருக்கு விழித்திரைச் சிரையும் தமனியும் அடைபட்டதாக இந்தியா உள்ளிட்ட பல நாடுகளிலிருந்து செய்திகள் வந்தன.

ஆயினும் ஒருவர், இருவர் பற்றிய செய்தி பொதுமுடிவுக்குப் போதாது. கோடிக்கணக்கானோர்க்குத் தொற்று ஏற்பட்ட காலத்தில், தொற்று வாராதிருந்தாலும் அடைப்பு நேர்ந்திருக்கக்கூடிய சிலரும் அவர்களுள் இருப்பர் அல்லவா? இதனைத் தெளிவுபடுத்த அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில், கொரோனா தொற்று உறுதியான 4 இலட்சத்து 32 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவேடுகள் ஆராயப்பட்டன. ஆய்வு முடிவுகள் 2022 ஆம் ஆண்டில் வெளியாயின. தொற்றுக்கு முந்தைய காலத்தையும் பிந்தைய காலத்தையும் ஒரே கால அளவில் ஒப்பிட்டபோது, சிரை அடைப்பு பத்து இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 8 என்பதிலிருந்து 12 ஆக உயர்ந்திருந்தது. அதாவது, ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. தமனி அடைப்பில் உறுதியாகக் கூறத்தக்க உயர்வு காணப்படவில்லை.

இவ்வெண்களை இரு கோணங்களில் பார்க்க வேண்டும். ‘ஒன்றரை மடங்கு’ என்பது அச்சமூட்டும். ‘பத்து இலட்சத்தில் நான்கு பேர் கூடுதல்’ என்பது அமைதி தரும். இரண்டும் ஒரே உண்மையின் இரு கூற்றுகள். இடர் கூடுகிறது என்பதும் மெய். அது மிக அரிதாகவே நிகழ்கிறது என்பதும் மெய்.

அதே காலத்தில் ‘கறுப்புப் பூஞ்சை’ நோயால் பலர் கண்ணை இழந்ததையும் இங்கே நினைவுகூரலாம். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அதனை அறிவிக்கத்தக்க நோயாக ஆக்கியது. அந்நோயிலும் கண்ணின் குருதிக்குழாய்கள் அடைபட்டன. ஆனால், அவற்றை அடைத்தது பூஞ்சை. கட்டுப்பாடற்ற நீரிழிவும், கொரோனாவுக்கு அளிக்கப்பட்ட ஸ்டீராய்டு மருந்துகளின் மிகைப் பயன்பாடும் அப்பூஞ்சை வேரூன்ற இடமளித்தன. தொற்றுக்குப் பின் வந்த கண்ணிழப்பு அனைத்தையும் கொரோனாவின் நேரடி விளைவு என்று கொண்டிருந்தால், பூஞ்சைக்குரிய மருத்துவம் தவறிப்போயிருக்கும்.

‘பின்னர்’ என்பது ‘அதனால்’ ஆகுமா?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் அறிவோம். ஒன்றன்பின் ஒன்று நிகழ்வதாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. காரணத்தை உறுதிசெய்ய அறிவியல் சில சோதனைகளை வைத்திருக்கிறது. ஆங்கிலேய அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் 1965 ஆம் ஆண்டில் இவற்றைத் தொகுத்துரைத்தார். அவற்றையும் ஆய்வுக்கூடச் சான்றுகளையும் நம் வினாவுக்கு ஏற்பப் பின்வருமாறு அமைத்துக்கொள்ளலாம்.

தொற்று முன்னும் அடைப்பு பின்னும் நிகழ்ந்தனவா? தொற்றுற்றோரிடம் அடைப்பு, பிறரைவிட மிகுதியாகக் காணப்படுகிறதா? அவ்வாறு நிகழ்வதற்கான உடலியல் வழி விளங்குகிறதா? வெவ்வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஒத்துப்போகின்றனவா? கண்ணின் நீர்மத்தில் அத்தீநுண்மியின் மரபுப்பொருள் கண்டறியப்பட்டதா? தீநுண்மிக்குரிய மருந்து அளித்தபோது நோய் தணிந்ததா?

அக்கித் தீநுண்மி உண்டாக்கும் விழித்திரைச் சிதைவு இச்சோதனைகள் பெரும்பாலானவற்றில் தேறுகிறது. கண்ணின் நீர்மத்தில் தீநுண்மி காணப்படுகிறது. அதற்குரிய மருந்தால் நோயின் பரவல் தடுக்கப்படுகிறது. எனவே, அங்குக் காரணம் உறுதி. டெங்குவிலும் சிக்குன்குனியாவிலும் காலத்தொடர்பும் உடலியல் வழியும் தெளிவாக உள்ளன. ஆகவே, அங்குச் சான்று வலிமையானது. கொரோனாவில் ஒப்பீட்டு ஆய்வு சிறிய உயர்வைக் காட்டுகிறது. ஆயினும் அடைப்புக்கு உள்ளானோர் பலரிடம் குருதியழுத்தமும் நீரிழிவும் முன்னரே இருந்தன. ஆகவே, தொற்று தனித்து நின்று அடைப்பை உண்டாக்கியது என்பதைவிட, முன்னரே இருந்த பலவீனத்தைத் தூண்டியிருக்கலாம் என்று கருதுவது பொருத்தமானது.

காய்ச்சலுக்குப் பின் வரும் விழித்திரை அழற்சிகள் அனைத்துக்கும் தீநுண்மியே காரணம் என்றும் கொள்ளலாகாது. உண்ணிக் காய்ச்சல் போன்ற, பாக்டீரியா உண்டாக்கும் காய்ச்சல்களுக்குப் பின்னும் இத்தகைய பாதிப்பு தென்னிந்தியாவில் காணப்படுகிறது. அதற்குரிய மருந்து வேறு. காரணத்தைச் சரியாக அறிவது, மருத்துவத்தைச் சரியாகத் தொடங்குவதற்கு முதற்படியாகிறது.

காலத்தில் செய்யும் உதவி

1851 ஆம் ஆண்டில் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விழியுள்நோக்கியை வடிவமைத்த பின்னரே, உயிருள்ள மனிதரின் விழித்திரைக் குழாய்களை மருத்துவர்கள் நேரில் காண முடிந்தது. அறுவையின்றிக் குருதிக்குழாய்களை நேரடியாகக் காணக்கூடிய இடங்களுள் விழித்திரையும் ஒன்று. இன்று சாயமேற்றிப் படமெடுத்து அடைபட்ட குழாயைக் கண்டறிகின்றனர். ஒளிக்கதிரால் விழித்திரையின் அடுக்குகளைப் படமாக்கி வீக்கத்தை அளக்கின்றனர். சிரை அடைப்பால் உண்டான வீக்கத்தைக் குறைக்க, கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்துகள் உள்ளன. அடைப்பு ஏற்பட்டுச் சில மாதங்களுக்குள் புதிய நலிந்த குழாய்கள் முளைத்துக் கண்ணின் அழுத்தத்தை உயர்த்தக்கூடும். ஆதலின் தொடர் கண்காணிப்பும் இன்றியமையாதது. தமனி அடைப்பை மருத்துவர்கள் மூளைப் பக்கவாதத்திற்கு நிகரான அவசர நிலையாகக் கருதுகின்றனர்.

இம்மருத்துவங்கள் பயனளிக்க, நோயாளர் உரிய காலத்தில் வர வேண்டும். அதற்கு ஒவ்வொருவரும் அறிய வேண்டியவை சில.

ஒரு கண்ணில் திடீரெனப் பார்வை மங்குதல், பார்வையின் நடுவிலோ ஓரத்திலோ நிழல் தோன்றுதல், நேர்க்கோடுகள் வளைந்து தெரிதல், கண்முன் புள்ளிகள் திடீரென மிகுதியாக மிதத்தல் ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். வலி இல்லை என்பதால் இடரும் இல்லை என்று கருதக்கூடாது.

காய்ச்சல் கண்டு தேறியவர்கள், சில வாரங்கள் வரை ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பார்த்துக்கொள்ளலாம். நாட்காட்டியின் எழுத்துகளோ சன்னலின் கம்பிகளோ இரு கண்களுக்கும் ஒன்றுபோல் தெரிகின்றனவா என்று நோக்கினால் போதும்.

நெற்றியிலோ கண்ணிமையிலோ மூக்கின் நுனியிலோ அக்கி தோன்றினால் கண் மருத்துவரை உடனே காண வேண்டும். அக்கிக்குச் செம்மண்ணால் எழுதும் மரபு நம் ஊர்களில் உண்டு. அம்மண் பூச்சு கண்ணுக்குள் புகுந்த தீநுண்மியைத் தடுக்காது. தீநுண்மியை அடக்கும் மருந்தைக் காலத்தில் தொடங்கினால் கண்ணைக் காக்க முடியும்.

மருத்துவர் எழுதித் தராத ஸ்டீராய்டுச் சொட்டு மருந்தை ஊற்றிக்கொள்ளக் கூடாது. அது சிவப்பைத் தணித்து நலமானதுபோல் காட்டும். உள்ளே ஹெர்பஸ் தீநுண்மி பெருகுவதற்கு வழிவகுக்கும்.

நாற்பது வயதைக் கடந்த பெற்றோரும் உற்றாரும் குருதியழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் அளந்து கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். தீநுண்மியைவிட இவையே மிகப் பலரின் விழித்திரைக் குழாய்களை அடைக்கின்றன.

ஏழாயிரம்பண்ணை போன்ற ஊர்களில் வாழ்வோர்க்கு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மதுரை, திருநெல்வேலி நகரங்களிலுள்ள அரசு மருத்துவமனைகளும் கண் மருத்துவமனைகளும் உள்ளன. தொலைவைக் கடக்கப் பேருந்து உண்டு. இழந்த காலத்தைக் கடக்கத்தான் வழி இல்லை. அரைநாள் கூலி போய்விடுமே என்று தயங்குவோரிடம் நிலைமையை எடுத்துக்கூறி உடனே அழைத்துச் செல்வது, வீட்டிலுள்ள படித்த பிள்ளைகளின் கடமை.

தீநுண்மி, கண்ணின் குருதிக்குழாயை அடைக்கக்கூடும். அவ்வாறு நிகழ்வது அரிது. நிகழ்ந்தால் காலம் தாழ்த்தலாகாது. இம்மூன்று செய்திகளையும் ஒருசேர மனத்தில் இருத்துவதே அறிவியல் நோக்கு. முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டால் ஒவ்வொரு காய்ச்சலும் அச்சமாகும். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டால் அலட்சியம் வளரும். மூன்றாவதையும் அறிந்தவரே தம் கண்ணையும் பிறர் கண்ணையும் காப்பார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் நீர் சேமிக்கும் கலன்களைப் பார்வையிட்டு, மூடப்பட்டவை, மூடப்படாதவை எனப் பட்டியலிடுக. வாரம் ஒருமுறை அவற்றைத் தேய்த்துக் கழுவுவதற்குத் திட்டம் வகுக்க.

2. ‘ஒன்றரை மடங்கு உயர்வு’, ‘பத்து இலட்சத்தில் நால்வர் கூடுதல்’ ஆகிய இரு கூற்றுகளுள் எதனைச் செய்தித்தாளின் தலைப்பாக இடுவீர்கள்? வகுப்பில் கலந்துரையாடுக.

3. ‘திடீர்ப் பார்வை மங்கல்: செய்ய வேண்டியவையும் செய்யக்கூடாதவையும்’ என்னும் பொருளில், தொழிற்கூட வாயிலில் வைக்கத்தக்க அறிவிப்புப் பலகை ஒன்றை எளிய தமிழில் உருவாக்குக.

கலைச்சொல் அறிவோம்

விழித்திரை – ரெட்டினா
மஞ்சள் புள்ளி – மாக்குலா
தமனி – ஆர்ட்டரி
சிரை – வெயின்
உட்படலம் – எண்டோதீலியம்
குருதித் தட்டுகள் – பிளேட்லெட்டுகள்
கண்ணீர் அழுத்த நோய் – கிளாகோமா
விழியுள்நோக்கி – ஆப்தால்மாஸ்கோப்

மதிப்பீடு

பலவுள் தெரிக

விழித்திரையின் சிரை அடைபடுவதைப் பாடம் எதனோடு ஒப்பிடுகிறது?
அ) மடை அடைபடுதல்
ஆ) வடிகால் அடைபடுதல்
இ) கண்மாய் வற்றுதல்
ஈ) கரை உடைதல்

குறுவினா

1. விழித்திரைத் தமனியின் கிளை அடைபட்டால் மாற்று வழி இல்லாததன் விளைவு யாது?
2. குருதி உறைவதற்கான மூன்று அடிப்படைகளைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. டெங்குக் காய்ச்சலில் கசிவும் அடைப்பும் ஒருசேரக் காணப்படுவது ஏன்? விளக்குக.
2. கறுப்புப் பூஞ்சை நோயின் காரணத்தைப் பிரித்தறிய வேண்டியதன் தேவையை எழுதுக.

நெடுவினா

‘ஒன்றன்பின் ஒன்று நிகழ்வதாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது’ – இக்கூற்றை அக்கி, சிக்குன்குனியா, கொரோனா ஆகிய தொற்றுகளின் சான்றுகளைக் கொண்டு ஆராய்க.